மொழியின் கதை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்த்தினப் போட்டி நெருங்கினால் வன்னிப் பிள்ளைகள் மொழியின் தோற்றம், தொன்மை என்று பேச்சு எழுதித் தரச்சொல்லிப் பெரியவர்களிடம் வருவார்கள். நாம் எழுதிக் கொடுப்பதை அவர்கள் அப்படியே நம்பி மனப்பாடம் செய்வார்கள். அதனால் கவனமாக எழுத வேண்டும்.

உலக மொழிகள் எல்லாம் இன்ன மொழியிலிருந்துதான் பிறந்தன என்று அடித்துச் சொல்லாதீர்கள். எழுத்துக்கு வயது சுமார் 5000 ஆண்டுகள். பேச்சு அதைவிட மிகப் பழையது. ஆனால் மண்ணுக்குள் தடம் எதையும் விட்டுவைக்கவில்லை. வெறும் ஊகங்கள் பெருகிப் போனதால், மொழியின் பிறப்பு பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று பாரிஸ் மொழியியல் சங்கம் 1866இல் விதியே போட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்றும் உண்டு, இன்றும் வீட்டுப் பேச்சாகவும் இருக்கிறது: தமிழுக்கு இந்தப் பெருமை போதும்.

ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடுவதும் தவறு. எட்டும் ஆங்கில ‘எய்ட்’டும் தற்செயலாக ஒத்தவை. நம்முடைய எட்டின் அடி எண்பது, எண்ணூறு என்பவற்றில் தெரிகிறது. ஆங்கிலச் சொல்லோ லத்தீன் ‘ஒக்டோ’வுக்கு உறவு. உறவைக் காட்டுவது ஒழுங்கான மாற்றம்தான். தமிழில் பால், பல், புலி, பத்து. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து. பழங்கன்னடத்தில் அங்கெல்லாம் பகரமே இருந்தது. இதனால் கன்னடம் தமிழின் பிள்ளை ஆகிவிடாது. இரண்டும் ஒரே மூதாதை மொழியிலிருந்து வந்தவை.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று: வீட்டுப் பேச்சைக் ‘கொச்சை’ என்று ஒதுக்குவது. “உந்தக் கதிரையை இஞ்சால இழு” என்று ஓர் அம்மம்மா சொல்கிறார். அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துபோன அந்த உகரச் சுட்டு இங்கே ‘உந்த’ என்று உயிரோடு இருக்கிறது. பக்கத்திலேயே நிற்கும் ‘கதிரை’ போர்த்துக்கேயர் தந்தது. அலுமாரி, யன்னல், பாண் எல்லாம் அப்படித்தான். கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. மிகப் பழையதும் பிறகு வந்ததும் ஒரே வாக்கியத்தில் இருக்கும்போது, இது தூய்மை, அது கலப்பு என்று எதைப் பிரிப்பது?

வன்னியில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறின. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வந்தார்கள். முல்லைத்தீவின் பழைய கிராமங்களுக்கு அவற்றின் பேச்சு முன்பே இருந்தது. ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை ‘வாறன்’ என்கிறது, இன்னொன்று ‘வர்றேன்’ என்கிறது. இரண்டும் ஒரே வினைச்சொல் இரு இடங்களில் வளர்ந்த விதம். இப்படிப் பல வழக்குகள் சேர்ந்து வாழும் இடத்தில், பிள்ளைகள் விளையாடி வளர வளர வேறுபாடுகள் தேய்ந்து புதியதொரு பொதுப் பேச்சு உருவாகும். மொழி மாறும் வழிகளில் இதுவும் ஒன்று.

சரி, வகுப்பில் எழுத்துத் தமிழைக் கண்டிப்பாகக் கற்றுக்கொடுங்கள். ஆனால் ‘வர்றேன்’ என்ற பிள்ளையை நிறுத்தி ‘வாறன்’ என்று திருத்தாதீர்கள். அங்கே தவறு எதுவும் நடக்கவில்லை.