பிரேக்கில் காற்று எடுக்கும்போது விடும் பிழைகள்

பைக்கின் டிஸ்க் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, இரண்டு மூன்று தரம் பம்ப் பண்ணினால்தான் பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் லைனுக்குள் காற்று நிற்கிறது. பிரேக் ஒயில் அமுங்காது, காற்று அமுங்கும். நீங்கள் கொடுக்கும் அழுத்தம் பிஸ்டனுக்குப் போகாமல் காற்றுக் குமிழியை நசுக்குவதிலேயே முடிந்துவிடும். காற்றை வீட்டிலேயே எடுக்கலாம், கஷ்டமான வேலை இல்லை. ஆனால் பிழை விட இடம் நிறைய உண்டு.

முதலாவது ஒயில் போத்தல். போன வருஷம் பாதி ஊற்றி மூடி வைத்ததை எடுத்து ஊற்றாதீர்கள். பிரேக் ஒயில் வகைகளான டொட் 3, டொட் 4 இரண்டுமே காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடற்காற்றுக்குக் குறைவில்லாத திருகோணமலையில், அதுவும் மார்கழி மழைக்குள், சொல்லவே வேண்டாம். புது டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரம். சுமார் 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். டவுனுக்குள்ளும் நிலாவெளி வீதியிலும் ஓடும் வரை வித்தியாசம் தெரியாது. நுவரெலியா போய்விட்டு ரம்பொடை மலைச் சரிவில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும்போது ஒயில் கொதித்து ஆவியாகி, லிவர் வெறுமனே உள்ளே போகும். சின்னப் போத்தலாக வாங்குங்கள். எந்த டொட் என்பது லிவருக்குப் பக்கத்தில் ஒயில் தொட்டியோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியிலேயே இருக்கும். டொட் 5 சிலிக்கன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டொட் 5.1 அது இல்லை, பெயர்தான் கிட்ட. அவசரத்துக்கு என்ஜின் ஒயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

அடுத்தது சில்லடியில் டிஸ்க்கைப் பிடிக்கும் கலிப்பரில் உள்ள நிப்பிள், அதாவது காற்றை வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகு. உப்புவெளிப் பக்கம் கடற்கரையோடு நிற்கும் பைக்குகளில் இது துருப்பிடித்து இறுகியிருக்கும். வாய் திறந்த ஸ்பனரால் முறுக்கினால் முனைகள் மழுங்கும், பலத்தைக் கூட்டினால் நிப்பிளே முறியும். அப்புறம் கலிப்பரைக் கழற்றிக்கொண்டு கராஜுக்குத்தான். முதல் நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே கொஞ்சம் விட்டு வையுங்கள், டிஸ்க்கில் படாமல் துணியால் மறைத்து. ரிங் ஸ்பனர் போடுங்கள், பல பைக்குகளுக்கு 8 மில்லிமீற்றர். ஸ்பனரை மாட்டிய பிறகுதான், வெளியே வரும் ஒயிலைப் போத்தலுக்குக் கொண்டுபோகும் டியூபை நிப்பிளில் செருக வேண்டும். மாற்றிச் செய்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும்.

ஆகக் கூடுதலாக நடக்கும் பிழை, லிவரை விட்ட பிறகு நிப்பிளை மூடுவது. லிவரை மெதுவாகப் பிடி, பிடித்தபடி இரு, நிப்பிளைக் கால் சுற்றுத் திற, லிவர் கைப்பிடி வரை வரும், நிப்பிளை மூடு, அதற்குப் பிறகு லிவரை விடு. இந்த வரிசை பிசகினால் வெளியே போன காற்று அப்படியே திரும்ப உள்ளே வரும். டியூபின் மறுமுனை அந்தப் போத்தலில் உள்ள ஒயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். லிவரைப் பிடிக்கத் தம்பியைக் கூப்பிட்டால், அவன் போனை முதலில் வாங்கி வையுங்கள்.

இதற்கிடையில் மேலே தொட்டிக்கு ஒயில் ஊற்ற மறந்துவிடுவார்கள். பைக்கின் தொட்டி சின்னது, சில அமுக்கலிலேயே அடி தெரியும். ஒரு தரம் காற்றை இழுத்தால் அவ்வளவு வேலையும் வீண். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பைக்கில் இது இன்னும் மோசம். அதன் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் சிலவற்றில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது.

எவ்வளவு எடுத்தும் லிவர் இறுகவில்லையா? நிப்பிளைத் திட்டாதீர்கள், மேலே பாருங்கள். காற்று மேலேதான் போகும். மாஸ்டர் சிலிண்டரோடு ஹோஸ் சேரும் போல்ட்டடியில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹாண்டிலைத் திருப்பி அந்த இடத்தைத் தொட்டியை விடத் தாழ்வாக வைத்து, ஹோஸைத் தட்டித் தட்டி, லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் அசையுங்கள். தொட்டிக்குள் ஊசிமுனை அளவு குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பும். இதற்குப் பொறுமை வேண்டும், பலம் வேண்டாம்.

பெயின்டில் ஒயில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது. பிரேக் பேட் நனைந்தால் மாற்றுவதே நல்லது.

தொட்டியை மேல் கோட்டுக்கு மேலே நிரப்பாதீர்கள். சூட்டில் ஒயில் விரிய இடமில்லாவிட்டால் பிரேக் தானாகவே உரசத் தொடங்கும். கடைசியாக லிவரை இறுக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் பாருங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் அது காற்று இல்லை, எங்கோ ஒழுக்கு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. அதற்கு மேல் எத்தனை போத்தல் ஊற்றினாலும் சரிவராது, கராஜுக்கு உருட்டிக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு அல்ல.