சுற்றுப்போட்டியில் சண்டை எங்கே தொடங்குகிறது?

வன்னியில் ஒரு கழகம் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி வைத்தால், இறுதியாட்டத்தில் ஒரு சண்டை வரும் என்று எதிர்பார்த்தே பாதிச் சனம் மைதானத்துக்கு வரும். வந்தால் பழி பொடியளின் தலையில்: "இளரத்தம், பொறுக்கமாட்டாங்கள்." ஆனால் அந்தச் சண்டைக்கு வேண்டிய வேலையில் முக்கால்வாசியை ஏற்பாட்டுக் குழு இரண்டு கிழமைக்கு முதலே செய்து முடித்திருக்கும்.

முதல் பிழை அறிவித்தலிலேயே இருக்கும். "18 வயதுக்குட்பட்டோர்" என்று போட்டுவிட்டு, எந்தத் திகதியில் 18 என்று சொல்லமாட்டார்கள். பிறந்த திகதியையே போடுங்கள்: "2008.01.01 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்" என்பது போல. தேசிய அடையாள அட்டை, இல்லாவிட்டால் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி. எது செல்லும் என்பதையும் எழுதுங்கள். அணியின் பெயர்ப்பட்டியலைப் போட்டிக்கு முதல்நாளே வாங்கி மூடிவிட வேண்டும். பட்டியல் திறந்திருந்தால் அரையிறுதிக்கு எங்கிருந்தோ ஓர் இரவல் வீரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். ஆட்சேபணை இருந்தால் ஆட்டம் தொடங்க முதல், எழுத்தில், அணித்தலைவரின் கையொப்பத்தோடு தரவேண்டும். தோற்ற பிறகு வருவதை ஏற்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

அடுத்தது கணக்கு. 11 அணிகள் பதிந்தால் விலகல் முறையில் (தோற்ற அணி வெளியே) 10 ஆட்டங்கள். 8 அணிகள் கால் இறுதிக்கு வரவேண்டும் என்பதால் 5 அணிகள் முதல் சுற்றில் ஆடாமலே தாண்டும், 6 அணிகள் மோதும். அந்த 5 இடங்களில் ஒன்றை நடத்தும் கழகமே எடுத்துக்கொள்வது நம் ஊர்களில் நடக்கிற கூத்து. எல்லா அணித்தலைவர்களையும் வைத்துக்கொண்டு சீட்டுக் குலுக்குங்கள். ஒரு சின்னப் பிள்ளை எடுக்கட்டும். இனி நேரத்தைப் பாருங்கள். 20 நிமிடம், 20 நிமிடம், இடைவேளை 5, அணி மாற 10 என்றால் ஓர் ஆட்டத்துக்கு 55 நிமிடம். பத்து ஆட்டத்துக்கு ஒன்பது மணித்தியாலம் பத்து நிமிடம். காலை எட்டுக்குத் தொடங்கினால், மத்தியானச் சாப்பாடும் தாமதமும் இல்லாமலே மாலை ஐந்து தாண்டும். முதல் சுற்றில் இருந்து இறுதிவரை போகும் பொடியன் ஒரே நாளில் நாலு ஆட்டம், 160 நிமிடம் ஓடவேண்டும். பெரியவர்களின் முழு ஆட்டமே 90 நிமிடந்தான். இரண்டு நாளாகப் பிரியுங்கள், அல்லது எட்டு அணிகளோடு பதிவை நிறுத்துங்கள். கட்டணம் கூடக் கிடைக்குமே என்று பதினோராவது அணியைச் சேர்ப்பதுதான் இங்கே ஆசை காட்டும்.

நாள் குறிக்கும்போது கலண்டரோடு வயலையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகும். காலபோக அறுவடைக்குப் பொடியள் வயலில் நிற்பார்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15இல் மடுத் திருவிழா. இவற்றோடு மோதினால் பார்வையாளரே இல்லை. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைத் திகதிகளைப் பாடசாலையில் கேட்டுவிட்டே அச்சடியுங்கள். மைதானம் பிரதேச சபையுடையதா பாடசாலையுடையதா என்று பார்த்து அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனி.

கோடு போட நீறாத சுண்ணாம்பையோ நீற்றின சுண்ணாம்பையோ கொண்டுவராதீர்கள். விழுந்து எழும்பும் பிள்ளையின் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சோளகக் காற்றில் தூள் பறந்துவிடும், ஆகவே தண்ணீரில் கரைக்கும் வெள்ளைக் கோட்டுப் பூச்சைப் போடுவதே நல்லது. தூக்கி வைக்கும் கோல் கம்பம் என்றால் பின்னால் மணல்மூட்டை வைத்துக் கட்டுங்கள். பிள்ளைகள் தொங்கி ஆடாமல் இருக்கமாட்டார்கள். பிறகு பற்றை. நம் பக்கத்தில் இன்னும் வெடிபொருள் அகற்றி முடியாத நிலம் இருக்கிறது. மைதான ஓரத்துப் பற்றையைத் துப்பரவாக்க நெருப்பு வைப்பதும், புதுத் தரையில் கிடங்கு கிண்டிக் கம்பம் நடுவதும் விசாரிக்காமல் செய்யும் வேலைகள் அல்ல. கிராம அலுவலரிடம் கேளுங்கள். சிவப்புப் பலகை பக்கம் பந்து போனால் பந்தை விடுங்கள்.

மத்தியஸ்தர் நடத்தும் கழகத்தின் ஆளாக இருக்கக்கூடாது. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். முதல் தண்ட உதையோடு அந்த நேர்மையை ஒருவரும் நம்பமாட்டார்கள். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்டால் பயிற்சி பெற்றவர்களைக் காட்டிவிடுவார். மத்தியஸ்தருக்கான கொடுப்பனவும் சாப்பாடும் செலவுக் கணக்கின் முதல் வரியில் இருக்கட்டும்.

பிரதம விருந்தினருக்காக இறுதியாட்டத்தைப் பிடித்து வைப்பதுதான் எனக்குப் பொறுக்காத பிழை. நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஐந்தே காலுக்கு வருவார். மாலை போட்டு, வரவேற்புரை முடித்து, அணிகளோடு கைகுலுக்கிப் படமெடுக்க ஐந்தே முக்கால். அதற்குப் பிறகு தொடங்கினால் ஆட்டம் முடிய முதலே வெளிச்சம் குறைந்துவிடும். இருட்டில் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று யார் பார்த்தது? வேண்டுமென்றே குழப்பம் செய்ததாக இரண்டு பக்கமும் சொல்லும், இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கும். ஆட்டத்தை நேரத்துக்குத் தொடங்குங்கள். விருந்தினர் பரிசளிப்புக்கு வந்தால் போதும்.

பரிசுப் பணம் கைக்கு வராமல் தொகையை நோட்டீசில் போடாதீர்கள். ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கு வெளிநாட்டிலிருந்து உறவு அனுப்புவதாகச் சொன்ன காசு பிந்தினால், வென்ற அணி உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

தண்ணீருக்குப் பானையும் ஒரே கோப்பையும் வைக்காமல் ஒவ்வொரு அணிக்கும் தனியாகக் கொடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வரவேண்டாம். அம்புலன்ஸ் இலக்கம் 1990, இலவசம். மைதானத்துக்கு எந்த ஒழுங்கையால் வரவேண்டும் என்று தெளிவாகச் சொல்லக்கூடிய ஒருவரை அன்று முழுக்க தொலைபேசியோடு நிறுத்துங்கள். அவருக்கு அறிவிப்பாளர் வேலையும் கொடுத்துவிடாதீர்கள்.