வயசானவங்களுக்கு ரத்தம் கம்மியா இருந்தா ப்ளட் குரூப்பை எங்க பாக்கணும், எங்க பாக்க வேணாம்

"எனக்கு ஓ குரூப்பு, அதான் ரத்தமே ஊற மாட்டேங்குது"ன்னு பெரியவங்க சொல்றத நிறைய பேர் கேட்டிருப்பீங்க. அப்படி எதுவும் இல்லங்க. குரூப்புங்கிறது சிவப்பணு மேல ஒட்டிட்டிருக்கிற ஒருவகை சர்க்கரை, 1901ல லேண்ட்ஸ்டெய்னர்ங்கிற விஞ்ஞானி பிரிச்சு காட்டினது அதைத்தான். ரத்தம் எவ்ளோ ஊறணும்கிறத இரும்புச்சத்து, பி12, கிட்னி, எலும்பு மஜ்ஜை இதெல்லாம்தான் முடிவு பண்ணுது.

அதனால முதல்ல சிபிசின்னு ஒரு டெஸ்ட் எடுங்க, ரத்த அணுக்களை எண்ணி பாக்கிறது. ஹீமோகுளோபின் ஆம்பளைங்களுக்கு 13க்கு கீழ, பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ இருந்தா ரத்தசோகை. "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்"னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, வயசு மட்டுமே காரணம்னு எடுத்துக்கவே கூடாது. அதே ரிப்போர்ட்ல எம்சிவின்னு ஒரு வரி இருக்கும், சிவப்பணு சராசரியா எவ்ளோ பெருசுங்கிற கணக்கு, 80க்கு கீழ போனா பெரும்பாலும் இரும்பு கம்மி, 100க்கு மேல போனா பி12 இல்ல ஃபோலிக் ஆசிட் பக்கம் சந்தேகம், நடுவுல இருந்தா கிட்னி, ரொம்ப நாள் வியாதி இந்த மாதிரி. இரும்பு, பி12 ரெண்டு குறையும் சேர்ந்து இருந்தா எம்சிவி நார்மலாவே காட்டும், அதனால ஃபெரிட்டின் (இரும்பு சேமிப்பு), பி12, கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) மூணையும் டாக்டர்கிட்ட கேட்டு பாத்துடுங்க.

அடுத்து மாத்திரை கவர். அத அப்படியே மேஜையில கொட்டி ஒவ்வொரு அட்டையா திருப்பி பேரை படிங்க. ஆஸ்பிரின் இருக்கா, மூட்டுவலிக்கு மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்கின டைக்ளோஃபெனாக் இருக்கா, இதெல்லாம் வயித்துல புண்ணாக்கி கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசிய விடும், வெளிய தெரியவே தெரியாது. குரூப்பு கணக்குல வர்ற இடம் இதுதான். ஓ குரூப்புக்காரங்களுக்கு ரத்தம் உறைய உதவுற வான் வில்லிபிரான்ட் ஃபேக்டர் மத்தவங்கள விட சுமார் 25 சதவீதம் கம்மி, அல்சரும் அவங்களுக்கு கொஞ்சம் அதிகம்னு 1950கள்லயே கவனிச்சிருக்காங்க. அதுக்காக பயப்பட வேணாம், ஆனா மலம் தார் மாதிரி கருப்பா பிசுபிசுன்னு நாத்தத்தோட போகுதான்னு கூச்சப்படாம கேளுங்க, போச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. இரும்பு மாத்திரை போட்டாலும் கருப்பாதான் போகும், ஆனா அந்த பிசுபிசுப்பு இருக்காது. ஆஸ்பிரின் ஹார்ட்டுக்காக குடுத்திருந்தா நீங்களா நிறுத்தாதீங்க.

ஏ குரூப்புக்கு வேற ஒரு தொடர்பு, வயிறு பி12ஐ உறிஞ்ச முடியாம போற பெர்னிசியஸ் அனீமியா அவங்ககிட்ட லேசா அதிகம். ஆனா நம்ம வீடுகள்ல அதைவிட சைவ சாப்பாடு, வருஷக்கணக்கா மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை, தினமும் காலைல பேன்டோப்ரசோல்ங்கிற அசிடிட்டி மாத்திரை, இந்த மூணுதான் பி12ஐ பெருசா இறக்குது. கால் மரத்துப் போகுது, நாக்கு வழவழன்னு ஆயிடுச்சுன்னா எந்த குரூப்பா இருந்தாலும் பி12 பாக்கணும். பி12 பாக்காம ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கி போட்டா ஹீமோகுளோபின் ஏறும், நரம்பு உள்ள கெட்டுட்டே இருக்கும்.

இரும்புதான் கம்மின்னு தெரிஞ்சா பேரீச்சம்பழம், பீட்ரூட் ஜூஸோட நிறுத்திடாதீங்க, இந்த வயசுல இரும்பு எங்க போச்சுன்னு தேடியே ஆகணும், வயித்தையும் குடலையும் கேமரா விட்டு பாக்கிற எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி எடுக்க சொன்னா தள்ளிப் போடாதீங்க, குடல் கேன்சர் சில பேருக்கு இப்படித்தான் முதல்ல தெரிய வருது. மாத்திரையை டீ, பால், கால்சியம் மாத்திரை கூட குடுக்காதீங்க, எலுமிச்சை ஜூஸோட குடுக்கலாம். ஹீமோகுளோபின் அளவு நார்மல் ஆனப்புறமும் சுமார் 3 மாசம் தொடரணும், அப்பதான் உடம்போட இரும்பு சேமிப்பு நிரம்பும்.

குரூப்பு நிஜமாவே உயிர் விஷயமாகுறது ரத்தம் ஏத்தும்போது. பொதுவா ஹீமோகுளோபின் 7க்கு கீழ போனா, ஹார்ட் பிரச்சனை இருந்தா 8க்கு கீழ, அப்பதான் ஏத்துறத பத்தி யோசிப்பாங்க. பையனுக்கும் அதே குரூப்புன்னாலும் நேரா எடுத்து ஏத்த முடியாது, ரெண்டு பேர் ரத்தமும் ஒத்துப் போகுதான்னு பாக்கிற கிராஸ் மேட்ச் பண்ணியே ஆகணும், முன்னாடி எப்பவாச்சும் ஏத்தியிருந்தா அந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை கையோட கொண்டு போங்க, வேற ரத்தத்தை எதிர்க்கிற ஆன்டிபாடி உடம்புல உருவாகியிருக்கலாம். ஒரு யூனிட்டுக்கு சுமார் 1 பாயின்ட் ஏறும். பெரியவங்களுக்கு மெதுவாத்தான் ஏத்தணும், ஏறும்போது பக்கத்துலயே இருங்க, மூச்சு வாங்குது, குளிருது, முதுகு வலிக்குதுன்னு சொன்னா உடனே நர்ஸை கூப்பிடுங்க.