பஸ் டிக்கெட்டைச் செருகிவையுங்கள்

புத்தாண்டு வாசிப்பு இலக்கைப் புத்தகக் கணக்கில் வைக்காமல், ஒரு நாளைக்கு 10 பக்கம் என்று வையுங்கள். புதுச்சேரியில் கடலூர் பஸ் ஏறியதும், வாங்கிய டிக்கெட்டை 10 பக்கம் தள்ளிச் செருகிவிடுங்கள். தவளக்குப்பம் தாண்டி கன்னியக்கோயில் வருவதற்குள் விரல் டிக்கெட்டைத் தொட்டுவிடும். லீவு நாளில் வீட்டிலேயே படிக்கலாம். வருடத்துக்கு 3,650 பக்கம். 250 பக்கப் புத்தகம் என்றால் 14 முடிந்துவிடும்.

புத்தகத்தை எண்ணினால் கை மெலிசானதையே தேடும், ஆசைப்பட்டு வாங்கிய தடித்த நாவல் அலமாரியிலேயே கிடக்கும். பக்கத்தை எண்ணினால் அந்தப் பயம் இல்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் 20 ஆக்காதீர்கள், சுமையாகிவிடும்.

கவிதைத் தொகுப்புக்கு இது சரிவராது. ஓடும் பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும் என்பவர்கள், ராத்திரி படுக்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள்.