படம் கலங்காமல் வீடியோவை ஜிஃப் ஆக்குவது எப்படி?

பம்பரத்தில் சாட்டை சுற்றுவது எப்படி என்று எழுத்தில் விளக்கிப் பாருங்கள். பத்து வரி போனாலும் பாதிப் பேருக்குப் புரியாது. மூன்று நொடி ஓடும் ஜிஃப் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஃபோனில் எடுத்த வீடியோவை அப்படியே மாற்றினால் கை நிறம் திட்டுத் திட்டாகவும் சுவர் புள்ளி புள்ளியாகவும் தெரியும், கோப்பின் எடையும் எங்கேயோ போய் நிற்கும்.

கோளாறு கருவியில் இல்லை. ஜிஃப் 1987-ல் காம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்த பழைய வடிவம். ஒரு ஃபிரேமுக்கு, அதாவது அடுத்தடுத்து ஓடும் படங்களில் ஒன்றுக்கு, அதிகபட்சம் 256 நிறங்கள்தான். நம் ஃபோன் திரை காட்டக்கூடியதோ ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள். இல்லாத நிறத்தை, இருக்கிற நிறங்களைப் புள்ளிகளாகக் கலந்து வைத்து ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு டிதரிங் என்று பெயர். அதனால் தரத்தில் பெரும்பகுதி மாற்றும் பட்டனை அழுத்துவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

படி 1: சரியான துண்டைத் தேர்ந்தெடுங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கேமரா அசையாமல் இருக்கும் பகுதியாகப் பாருங்கள். முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாத இடங்களை ஜிஃப் மறுபடி சேமிக்கத் தேவையில்லை. கேமரா லேசாக ஆடினாலும் படம் முழுக்க மாறியதாகவே கணக்கு. எடை மளமளவென்று ஏறும். புதிதாக எடுப்பதாக இருந்தால் ஃபோனை எதன் மீதாவது சாய்த்து வையுங்கள்.

பின்னணி ஒரே நிறமாக இருந்தால் நல்லது. மாலை வானம் மாதிரி நிறம் மெல்ல மெல்ல மாறும் காட்சிதான் ஜிஃபுக்கு எமன், அதில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நீளம் 2 முதல் 5 நொடி. அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு ஜிஃபாகப் பிரித்துவிடுங்கள்.

படி 2: தேவையில்லாததை வெட்டுங்கள்

உலாவியிலேயே இயங்கும் ஈஸிஜிஃப் தளத்தை எடுத்துக்கொள்வோம். இலவசம், ஃபோனிலும் வேலை செய்யும். வீடியோ பகுதியில் ‘கிராப் வீடியோ’ இருக்கிறது. கையும் பம்பரமும் மட்டும் தெரியும்படி சட்டத்தை இழுத்து வெட்டுங்கள். ஜிஃப் ஆன பிறகும் வெட்டலாம்தான். ஆனால் முதலிலேயே வெட்டினால் அந்த 256 நிறங்களும் உங்களுக்கு வேண்டிய பகுதிக்கே செலவாகும்.

ஏற்றும் கோப்புகள் ஒரு மணி நேரத்தில் அழிக்கப்படும் என்று அந்தத் தளம் சொல்கிறது. இருந்தாலும் வீட்டுக் குழந்தைகள், ஆவணங்கள் தெரியும் வீடியோவை எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். விண்டோஸ் கணினி இருந்தால் ஸ்கிரீன்டுஜிஃப் என்ற இலவச மென்பொருளை நிறுவி, இதே வேலையைக் கணினிக்குள்ளேயே முடிக்கலாம்.

படி 3: அளவும் வேகமும்

வெட்டிய வீடியோவை ‘வீடியோ டு ஜிஃப்’ கருவிக்குக் கொண்டுபோங்கள். வீடியோவை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, ‘யூஸ் கரண்ட் பொசிஷன்’ அழுத்தினால் ஆரம்ப நேரம் தானாக விழும். முடிவு நேரத்துக்கும் இதே முறைதான்.

அளவில் அகலம் 480 பிக்சல் போதும். 1920 அகலத்தை 480 ஆக்கினால் மொத்த பிக்சல்கள் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இன்னொரு விஷயம்: அளவைக் குறைப்பதை இங்கேயே, ஒரே தடவையில் செய்துவிடுங்கள். ஜிஃப் ஆன பிறகு சுருக்கினால் டிதரிங் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து படம் அழுக்காகத் தெரியும்.

வேகத்துக்கு நொடிக்கு 10 ஃபிரேமில் தொடங்குங்கள். விரல் அசைவு வெட்டி வெட்டித் தெரிந்தால் 20 வையுங்கள். 30 வைக்கலாமே என்று தோன்றும். ஜிஃப் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற அலகில் முழு எண்ணாகத்தான் குறித்துக்கொள்ளும். 10, 20, 25 எல்லாம் அதில் சரியாக உட்காரும். 30 உட்காராது, அசல் வேகத்திலிருந்து கொஞ்சம் விலகும்.

சரி, ‘கன்வர்ட்’ பட்டனை அழுத்துங்கள்.

படி 4: எடையைக் குறைப்பது

வந்த ஜிஃபை முழு அளவில் ஓடவிட்டுப் பாருங்கள். கீழே கோப்பின் எடை தெரியும். வலைப்பதிவில் போட 2, 3 எம்பிக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போனால் ‘ஆப்டிமைஸ்’ போய் ‘லாஸி’ முறையைத் தேர்ந்தெடுங்கள், தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எடையைக் குறைக்கும் முறை இது. அளவுகோல் 35 பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 100-ஐத் தாண்டினால் நகரும் பொருளுக்குப் பின்னால் கோடு கோடாக இழுக்கும்.

நிறங்களை 128 ஆகக் குறைப்பது இன்னொரு வழி. கார்ட்டூன், கணினித் திரைப்பதிவு போன்றவற்றுக்கு இது அருமை. மனித முகத்துக்கு வேண்டாம். என்னைக் கேட்டால் நிறத்தில் கைவைப்பதைவிட அரை நொடி நீளத்தைக் குறைப்பது மேல். டிதரிங்கை நிறுத்தினாலும் எடை குறையும். ஒரே நிறம் வரிசையாக வந்தால்தான் ஜிஃபின் சுருக்கமுறை நன்றாக வேலை செய்யும், புள்ளிகள் அந்த வரிசையைக் கலைத்துவிடுகின்றன. ஆனால் நிழல் விழும் இடங்கள் திட்டாகிவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

படி 5: சேமிப்பது

‘சேவ்’ அழுத்தி இறக்கிக்கொள்ளுங்கள். ஃபோனில் படத்தை நீண்ட நேரம் அழுத்தி எடுக்க வேண்டாம், சில உலாவிகளில் அசையாத படமாக இறங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் வேண்டும் என்றால் இத்தனை பாடே தேவையில்லை. வீடியோவைத் தேர்ந்தெடுத்து, சில நொடிக்குச் சுருக்கினால் மேலேயே ஜிஃப் பட்டன் வரும். உள்ளுக்குள் அது சத்தமில்லாத வீடியோவாகத்தான் போகிறது, அதனால் நிறமும் கெடாது. உங்கள் சொந்த வலைத்தளமாக இருந்தால் ஈஸிஜிஃபிலேயே ‘வீடியோ டு வெப்பி’ கருவியையும் ஒரு முறை முயன்று பாருங்கள். வெப்பி (WebP) என்பது ஜிஃபுக்குப் பிந்தைய பட வடிவம், அதற்கு 256 நிறக் கட்டுப்பாடு கிடையாது, இன்றைய உலாவிகள் எல்லாமே அதைக் காட்டும்.