ஊர்ப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் அறிவியல் உரை: முதல் ஆண்டை எப்படித் தொடங்குவது?

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் அறிவியல் உரைகள், உலகப் போரில் சில ஆண்டுகள் நின்றதைத் தவிர, இன்றும் நடக்கின்றன. நம் ஊரிலும் ஆண்டுக்கொரு உரை நடத்தலாம். மூன்று பள்ளிகளும் ஒரு சனிக்கிழமை மாலையும் போதும்.

முதலில் பள்ளிகள். டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் மூன்றைப் பிடியுங்கள், முறைவைத்து நடத்தட்டும். முதல் ஆண்டு அரசுப் பள்ளியில் வையுங்கள் என்பேன். பெரிய தனியார் பள்ளியின் கேட்டைத் தாண்டக் கூச்சப்படும் அம்மாக்களும் அங்கே தயங்காமல் வந்து உட்காருவார்கள். தலைமை ஆசிரியரிடம் வாயால் கேட்டதோடு விடாமல் கடிதமும் கொடுத்துவிடுங்கள்.

தேதி என்றதும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம்தான் நினைவுக்கு வரும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அது பொதுத்தேர்வு நெருக்கும் நேரம். பொங்கல் லீவு முடிந்து வரும் ஒரு சனிக்கிழமை நல்லது, மழையும் விட்டிருக்கும்.

அப்புறம் தலைப்பு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'ஒளியியலின் வளர்ச்சி' என்று நோட்டீஸ் அடித்தால் யார் வருவார்? 'அந்திவானம் ஏன் சிவக்கிறது?' என்று போடுங்கள். விடை ஒளிச்சிதறல்: காற்றில் நீல ஒளி அதிகமாகச் சிதறிப்போக, சிவப்பு மிஞ்சி நம் கண்ணுக்கு வருகிறது. 1921-ல் கப்பலில் வரும்போது கடலின் நீலத்தைப் பார்த்துக் கேள்வி கேட்ட சி.வி.ராமனை, 1928-ல் ராமன் விளைவுவரை (சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுவது) கொண்டுபோனதும் ஒளிச்சிதறல் ஆராய்ச்சிதான். பேச்சாளர் அங்கே போய் முடிக்கலாம்.

மேடையில் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். மீன்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஹாலை இருட்டாக்கி, ஒரு முனையிலிருந்து வெள்ளை டார்ச் அடியுங்கள். பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பக்கவாட்டில் தண்ணீர் லேசாக நீலம் பூக்கும். மறுமுனையில் பிடித்த வெள்ளைத்தாளில் விழும் வட்டம் மஞ்சளாகி, மெல்லச் செம்மஞ்சளாகும். பால் அதிகமானால் எல்லாம் வெளுத்துவிடும். அதனால் முந்தின நாளே செய்து பார்த்து, எத்தனை சொட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தும் பாருங்கள்.

உரை நாற்பது நிமிடம் போதும். இருபது நிமிடம் கேள்விக்கு. மைக்கைப் பிடிக்கப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். வாசலிலேயே துண்டுச்சீட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் சீட்டை முதலில் படியுங்கள். அப்புறம் பெரியவர்களும் எழுதுவார்கள்.

சரி, கூட்டம் கலைவதற்கு முன் ஒரு வேலை: அடுத்த ஆண்டு நடத்தப்போகும் பள்ளியின் தலைமை ஆசிரியரை மேடைக்கு அழைத்து, அவர் வாயாலேயே தேதியைச் சொல்லச் சொல்லுங்கள்.