ஓர் அங்குலம் குறைந்த கதவு

இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த அன்று, குளியலறை வாசலில் வாக்கர் முட்டிக்கொண்டு நின்றது. வாக்கரின் அகலம் 25 அங்குலம். கதவைத் திறந்து வைத்தால் கிடைக்கும் இடம் 24. அந்த வீட்டை வரைந்தவள் நான்தான். 'குளியலறைக் கதவுதானே, இது போதும்' என்று யோசிக்காமல் போட்ட கோடு அது. நிலையைப் பெயர்த்து, சுவரை வெட்டி, டைல்ஸை உடைத்து, மறுபடி பூசி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

அதற்கப்புறம் எந்தக் கோட்டைப் போட்டாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: பின்னால் இதை மாற்ற வேண்டுமென்றால் எதை உடைக்க வேண்டியிருக்கும்? பெயின்ட் என்றால் ஒன்றும் உடைக்க வேண்டாம். குழாய் என்றால் டைல்ஸ். தூண் என்றால் நினைத்தே பார்க்க முடியாது. ஒரு கட்டடம் ஒரே பொருள் இல்லை, வெவ்வேறு ஆயுள் கொண்ட அடுக்குகள் என்று பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டஃபி விளக்கியிருக்கிறார். தூணும் கூரையும் பல தலைமுறைக்கு நிற்கும். வயரும் குழாயும் பதினைந்து, இருபது வருடத்தில் கையை விரிக்கும். உள் அறைகளின் அமைப்பு அதற்கும் முன்பே பழசாகிவிடும். ஆனால் வீடு கட்டுகிறவர்கள் முக்கால்வாசி நேரம் விவாதிப்பது டைல்ஸ் நிறத்தைப் பற்றி. நீங்கள் மாற்றக் கடினமானதிலிருந்து தொடங்குங்கள்.

அப்படிப் பார்த்தால் முதலில் வருவது திசை. மனையில் வெறும் கையோடு காலை எட்டுக்கு, உச்சிப் பொழுதில், மாலை நாலுக்கு என்று மூன்று தடவை போய் நில்லுங்கள். ஒரு குச்சியில் ரிப்பன் கட்டிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வேறொரு பருவத்திலும் இதையே செய்யுங்கள். கிழக்கு, மேற்குச் சூரியன் எந்த ஊரிலும் தாழ்வாகத்தான் வரும். அதை ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடால் தடுக்க முடியாது. அதன் அடியில் புகுந்து நேரே கட்டில் வரை வந்துவிடும். அங்கே செங்குத்தான தடுப்பு, வெளிப்புறத் தட்டி, மரம் இவைதான் வேலை செய்யும். வடக்கு, தெற்குச் சுவர்களில் சன்ஷேடே பெரும்பாலும் போதும். குளிர் உள்ள இடமென்றால் நிலநடுக்கோட்டைப் பார்த்த பக்கத்தில் பெரிய ஜன்னல் வைக்கலாம். அளவாக நீட்டிய சன்ஷேட் கோடையின் உயர்ந்த வெயிலை மறித்து, குளிர்காலத்தின் தாழ்ந்த வெயிலை உள்ளே விடும்.

வெயிலைத் தடுக்கிற எதையும் கண்ணாடிக்கு வெளியே வையுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை வரை வெயில் வந்துவிட்டால் வெப்பம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். திரையைச் சூடாக்கிய வெப்பம் பெரும்பாலும் கண்ணாடி வழியே திரும்பிப் போவதில்லை.

அடுத்தது காற்று. ஆரோக்கியமான வீடு என்றதும் எல்லோரும் செடி வாங்குகிறார்கள். தொட்டிச் செடி அழகுதான், ஆனால் காற்றைச் சுத்தம் செய்யும் வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள். எனக்குப் புத்தி வந்தது ஒரு சிறிய கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கிய பிறகுதான். படுக்கையறை ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் தூங்கினோம். காலையில் மீட்டர் 2,300 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) காட்டியது. வெளிக்காற்றில் இப்போது 420க்குச் சற்று மேல்தான். அறைக்காற்றில் 1,000ஐத் தாண்டினால் காற்று கெட்டுவிட்டதாகக் கொள்ளலாம் என்று ஜெர்மன் சுகாதார அறிஞர் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் 1858லேயே சொல்லிவிட்டார். அந்த வாயு நேரடியாக ஆளை மயக்கும் அளவு என்று இதற்குப் பொருள் இல்லை. நாம் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறோம், மற்ற அழுக்கும் வெளியே போகவில்லை என்பதற்கு அது அடையாளம்.

எனவே ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வெவ்வேறு சுவர்களில் திறப்பு வையுங்கள். காற்று போகும் வழி, வரும் வழியைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. ஒரே சுவர்தான் கிடைக்கிறது என்றால் கதவுக்கு மேலே திறக்கக்கூடிய வென்டிலேட்டர் போடுங்கள். சூடான காற்று மேலே போகும், அதற்கு ஒரு வாசல் வேண்டும். ஜன்னலைத் திறக்க முடியாத அளவுக்குக் குளிரோ புகையோ சத்தமோ உள்ள இடத்தில் வடிகட்டியோடு கூடிய காற்றோட்டக் கருவி தேவைப்படும். அதற்கான குழாய்க்கு வரைபடத்திலேயே இடம் விடுங்கள்.

சமையலறைச் சிம்னி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. புகையை இழுத்து, கரி வடிகட்டி வழியாக மறுபடி சமையலறைக்குள்ளேயே விடும் வகை எனக்கு ஆகாது. எரிவாயு அடுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது, கூடவே நீராவியும். அவை வெளியே போக வேண்டும். அடுப்பை வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் குழாய் ஒரே நேர்க்கோட்டில் வெளியேறிவிடும். வீட்டின் நடுவில் அடுப்பை வைத்துவிட்டு நாலு வளைவு போட்டால் விசிறி கத்துமே தவிர இழுக்காது.

குளியலறைக்கும் ஒரு ஜன்னல் வேண்டும், இல்லாவிட்டால் வெளியே தள்ளும் விசிறி. வீட்டுக்குள் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போய் அங்கேயே நின்றால் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் மூன்று விரல் இடைவெளி விடுவது செலவே இல்லாத வைத்தியம்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்ட்டிகிள் போர்டிலும் மலிவான பிளைவுட்டிலும் உள்ள பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும். அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வகைப்படுத்தியது. பலகையில் ஈ-1 அல்லது அதைவிடக் குறைந்த கசிவுத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய ஓரங்களை மூடாமல் விடாதீர்கள், கசிவு அதிகம் அங்கேதான். பெயின்டில் ஈயம் கூடாது; ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் குறைவாக இருக்க வேண்டும். எதை வாங்கினாலும் குடிபோகும் முன் சில வாரம் எல்லா ஜன்னலையும் திறந்து போடுங்கள்.

சிமென்ட் உற்பத்தி மட்டுமே உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் சுமார் 7, 8 சதவீதம். இதைச் சொன்னதும் 'மாற்றுப் பொருள் என்ன?' என்று கேட்கிறார்கள். சுண்ணாம்பு, மண், மரம் எல்லாம் உண்டு, இடத்துக்கு ஏற்றபடி. ஆனால் என் முதல் பதில் வேறு: ஓர் அறையைக் குறையுங்கள். கட்டாத அறைக்குச் சிமென்டும் வேண்டாம், குளிரூட்டவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். வருடத்துக்கு நாலு நாள் வரும் விருந்தாளிக்காக ஓர் அறையைப் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அறையைக் குறைத்தால் எப்படிச் சமாளிப்பது? இருக்கிற அறை பல வேடம் போட வேண்டும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் ஏறத்தாழச் சதுரமான ஓர் அறை இன்றைக்குப் படுக்கையறை, நாளைக்கு அலுவலகம், பிறகு பிள்ளைகள் படிக்கும் இடம், கடைசியில் வயதானவருக்கு. கட்டில் ஒரே பக்கமாகத்தான் போட முடியும் என்கிற மாதிரி கதவு, ஜன்னல், பிளக் எல்லாவற்றையும் வைத்துவிட்டால் அந்த அறை சாகும் வரை படுக்கையறைதான். தாங்கும் எலும்புக்கூடு தனியாகவும், குடியிருப்பவர் தன் விருப்பப்படி மாற்றும் உள்பாகம் தனியாகவும் இருக்கட்டும் என்று நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஜான் ஹப்ராக்கன் 1961ல் அடுக்குமாடிகளுக்காக எழுதினார். தனி வீட்டுக்கும் அது அப்படியே பொருந்தும்: எடையைத் தூணும் வெளிச்சுவரும் தாங்கட்டும், உள் தடுப்புகள் எடை தாங்காதவையாக இருக்கட்டும்.

இப்போது என் அளவுகள். கதவைத் திறந்த பின் மிஞ்சும் இடம் 32 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. 36 இருந்தால் நிம்மதி. நிலையின் அளவைச் சொல்லாதீர்கள், மிஞ்சும் இடத்தைச் சொல்லுங்கள். நிலையின் சட்டமும் திறந்து நிற்கும் கதவின் கனமும் சேர்ந்து மூன்று அங்குலத்தை விழுங்கிவிடும், நான் ஏமாந்தது அங்கேதான். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை, படி ஏறாமல் போகக்கூடிய ஒரு குளியலறை, அதற்குள் சக்கர நாற்காலி திரும்ப ஐந்து அடி வட்டம். குளிக்கும் இடத்துக்குத் திட்டு வேண்டாம், தரைச் சரிவு போதும். சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். சுவிட்சுகள் மூன்றரை அடி உயரத்துக்குள், பிளக் பாயின்ட் தரையிலிருந்து ஒன்றரை அடியில். கழிப்பறைப் பக்கச் சுவர் மெல்லிய தடுப்பாக இருந்தால், உள்ளே ஒரு பலகையை இப்போதே பதித்துவிடுங்கள். கைப்பிடியைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

குளியல் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் குழாயைத் தனித்தனியாக இறக்கச் சொல்லுங்கள். குளியல் தண்ணீரை இன்று தோட்டத்துக்கு விடாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றாக இறக்கிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. பிறகு புது வயர் இழுக்க, அறைக்கு அறை ஒரு காலிப் பைப்பும் போடச் சொல்லுங்கள், உள்ளே இழுகயிறோடு.

பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் ஒரு முழு மணி நேரம் ஒதுக்குங்கள். அளவு டேப்பை மூலையிலிருந்து இழுத்துச் சுவரில் பிடித்துக்கொண்டு, பைப்பும் வயரும் தெரிய ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். டேப்பின் எண்கள் படத்தில் படிக்கும்படி விழ வேண்டும். போனில் மட்டும் வைத்திருந்தால் போன் மாற்றும்போது தொலையும். அச்செடுத்து மீட்டர் பெட்டிக்கு அருகில் ஒரு கவரில் வையுங்கள்.

கடைசியாக, என் கொத்தனார் முதலில் சிரித்த ஒரு வேலை. அம்மாவின் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவிலுள்ள சுவரைப் பூசும் முன், கதவே இல்லாத இடத்தில் ஒரு லிண்டல், அதாவது கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்தரம், போடச் சொன்னேன். 'கீழே கதவு எங்கேம்மா?' என்றார். அதன் கீழே வயரோ குழாயோ போக விடவில்லை. ஆறு வருடம் கழித்து, இரவில் அம்மாவுக்குத் துணை தேவைப்பட்டபோது அதே கொத்தனார் வந்தார். கவரிலிருந்த போட்டோவைப் பார்த்து, மூலையிலிருந்து நாலு அடி இரண்டு அங்குலத்தில் கோடு போட்டு லிண்டலுக்குக் கீழே இருந்த செங்கல்லை மட்டும் எடுத்தார். மறுநாள் சாயங்காலத்துக்குள் கதவு மாட்டியாகிவிட்டது. மிஞ்சும் இடம் 36 அங்குலம், நானே டேப் வைத்துப் பார்த்தேன்.